தபால் தலையெழுத்து

கே: தாத்தாவின் பூட்டிய மரப்பெட்டியை உடைத்தோம். உள்ளே பழைய கடிதங்கள், அவற்றில் தபால்தலைகள்! நான் கோடீஸ்வரனா?

ப: கடிதங்கள் யார் எழுதியவை என்று பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள், அதுதான் முதல் வேலை. பழசெல்லாம் காசாகாது. உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' (1840) 6 கோடிக்கு மேல் அச்சானது. 1854-ம் வருட நாலணா தலை இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். அதில் சிலவற்றில் விக்டோரியா ராணி தவறுதலாகத் தலைகீழாக அச்சாகியிருக்கிறார். அவர் தலைகீழாக நின்றால் உங்கள் தலையெழுத்து நிமிர்ந்துவிடும். போலிகளும் உண்டு, ஜாக்கிரதை.

கே: ஒன்றில் நாட்டின் பெயரே இல்லையே?

ப: ஆட்சியாளர் முகம் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டன். முதலில் வெளியிட்ட மிதப்பில் இன்றுவரை பெயர் போடுவதில்லை.

கே: உறையிலிருந்து கிழித்து ஆல்பத்தில் ஒட்டட்டுமா?

ப: ஏன், அடுப்பிலேயே போடலாமே? உறையிலிருக்கும் முத்திரைதான் ஊரையும் தேதியையும் சொல்லும்.

கே: விற்க அவசரப்படலாமா?

ப: பிரிட்டிஷ் கயானாவில் 1873-ல் ஒரு 12 வயதுப் பையன், பழைய கடிதங்களுக்கிடையே கிடைத்த ஒரு சென்ட் தலையை ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014-ல் அதே தலை ஏலம் போனது: சுமார் 95 லட்சம் டாலர்.