கடலில் கரைத்த பெருங்காயமும் கணக்கில் வரும்

கேள்வி: இரத்தத்தில் எண்ணற்ற புரதங்களுக்கு நடுவே மிகச் சிறிதளவே கலந்திருக்கும் இன்சுலினை மட்டும் எவ்வாறு அளக்க முடிகிறது?

பதில்: கடலில் கரைத்த பெருங்காயத்தையும், அதன் மணம் ஒன்றை மட்டுமே அறியும் மூக்கு வாய்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டுமே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்னும் புரதமே ஆய்வகத்தில் அந்த மூக்காகிறது. 1950களின் இறுதியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகிய இருவரும், கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினையும் இரத்த மாதிரியிலுள்ள இன்சுலினையும் எதிர்ப்பொருளிடம் இடம்பிடிக்கப் போட்டியிடச் செய்து, இடம் கிடைக்காமல் நின்ற கதிரியக்க இன்சுலின் எவ்வளவு என்பதைக் கொண்டு, மாதிரியிலிருந்த இன்சுலினைக் கணக்கிட்டனர். பெர்சன் 1972இல் மறைந்துவிட்டதால், 1977இல் இவ்விருவரில் யாலோ மட்டுமே நோபல் பரிசு பெற்றார். உலகெங்கும் பயன்பட்ட இந்த முறைக்கு இருவரும் காப்புரிமை கோரவில்லை என்பது, பரிசினும் பெரிய பெருமை.