கடற்கரைச் செருப்புக் காவல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

தமிழகத்துக் கடற்கரைகளைக் குறித்து இதுவரை வெளிவந்திருக்கும் நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அவற்றின்மீது ஏறி நின்றே கடலைப் பார்த்துவிடலாம் என்னும்படி வித்துவான்கள் உழைத்திருக்க, முத்து, உப்பு, யவனர் கலம், ரோமாபுரிக் காசு, மதுச் சாடியின் உடைந்த கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணரும் அவரை மறுப்பதற்கென்றே இன்னொரு நிபுணரும் தோன்றியிருக்க, கடலாடச் செல்லும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் கரையில் இன்றியமையாதவராக வீற்றிருக்கும் செருப்புக் காவலரைப் பற்றி மட்டும் ஒரு சிறு பிரசுரங்கூட வெளிவராதிருப்பது நம் ஆராய்ச்சி உலகத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்றே சொல்லவேண்டும்.

அற்ப விஷயம் என்று முகம் சுளிப்பாரும் உளர். அரங்கனுடைய பாதுகையைக் குறித்து வேதாந்த தேசிகர் ஓரிரவில் 1008 சுலோகங்கள் இயற்றியருளினார் என்று சம்பிரதாயம் கூறும் தேசத்தில் பாதரட்சையை அற்பம் என்பது அபசாரம். அன்றியும், ஏட்டில் ஓரெழுத்தின்மேல் இருந்தது புள்ளியா, பூச்சி அரித்த துளையா என்னும் வழக்கில் ஆயுள் முழுவதும் முகங்கொடுத்துப் பேசாதிருந்த பேராசிரியர்களைக் கண்ட நாட்டில், எது அற்பம் எது அனற்பம் என்று தீர்ப்புக் கூற யாருக்குத்தான் அருகதை இருக்கிறது?

ஆய்வுக்குக் களங்களாக அமைந்தவை, கோடை விடுமுறையில் குடும்ப சமேதராகச் சென்ற இராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி ஆகிய மூன்று தலங்கள். ஆராய்ச்சியாளன் செருப்புகளின் மத்தியில் அமர்ந்து, எழுந்திருக்க அநுமதியின்றி, ஆய்வு முழுவதையும் நடத்தினானாதலின், இதிலுள்ள ஆதாரங்களைப் பிறர் வாய்க்கேள்வி என்று எவரும் தள்ளிவிட முடியாது.

கடலுக்கு வரும் ஜனங்கள் நான்கு வகுப்பினர். முதல் வகுப்பினர் தூர நின்று பார்ப்பவர்; அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்பினர் முழுகுபவர். நீருக்குள் இருந்தபடியால் அவர்களைப் பேட்டி காண இயலவில்லை. மூன்றாம் வகுப்பினரோ கணுக்காலளவில் நிற்பவர். வேட்டியை முழங்காலுக்குமேல் வாரிப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது பின்வாங்கி, அது திரும்பியபின் முன்னேறி, வடியும் நீர் குதிகாலின் கீழுள்ள மணலை அரித்துச் செல்ல, பூமியே தம்மைக் கைவிட்டுவிட்டதாக எண்ணிப் பக்கத்தில் நிற்பவர் தோளைப் பற்றிக்கொண்டு, அத்துடன் சமுத்திர ஸ்நானம் முடிந்ததெனக் கரையேறி, நனையாத தலையைத் துவாலையால் அழுந்தத் துவட்டிக் கொள்பவர்கள் இவர்களே. இந்தக் கடைசி வழக்கம் கடற்கரையிலிருந்து ஆராய்ச்சி மன்றங்களுக்குப் போயிற்றா, மன்றங்களிலிருந்து கடற்கரைக்கு வந்ததா என்பது தனியே ஆராய்தற்குரியது.

நான்காம் வகுப்பினரே நம் காவலர். இவர் நியமனம் தேர்தலால் நிகழ்வதன்று. முதல்நாள் இரவு யார் தும்மினார், யாருக்கு முழங்கால் வலி, யார் கையில் புத்தகம் இருக்கிறது என்பனவற்றைக் குடும்பம் மௌனமாகக் குறித்துவைத்து, மணலில் கால் வைத்த மாத்திரத்தில் அனைவரும் ஏககாலத்தில் அவரைப் பார்க்கிறார்கள், நியமனம் பூர்த்தியாயிற்று. புது மாப்பிள்ளையிடம் செருப்பை ஒப்படைக்கும் வழக்கம் நான் பார்த்த எந்தக் கரையிலும் இல்லை. தலைத்தீபாவளி கழிந்து, முதல் குழந்தைக்குக் காது குத்தி, மாமனார் வீட்டில் அவருக்கென்று தனியாக முறுக்குச் சுடுவது நின்றுபோன பிறகே அவர் அந்தத் தகுதியை அடைகிறார். அப்போதும் கட்டளையாக வராது. "அத்தான், இதையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று மைத்துனி சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ஓடுவாள். ஓடுகிறவளைக் கூப்பிட்டு மறுப்பதற்குத் தமிழில் இன்னும் மரியாதையான வாசகம் ஏற்படவில்லை.

காவலின் இலக்கணம் தலத்துக்குத் தலம் வேறுபடும். இராமேசுவரத்து அக்னி தீர்த்தத்தில் கடல் குளம்போல் கிடப்பதால் அங்கே சத்துரு நீரன்று, ஆடுமாடு. கன்னியாகுமரியில் சத்துரு காற்று. கருமணலும் செம்மணலும் கலந்து வீசி எல்லாச் செருப்புகளையும் ஒரே நிறமாக்கி, உரிமை வழக்குகளுக்கு இடந்தரும். திருச்செந்தூரிலோ அலையே சத்துரு. பாமரர் நினைப்பதுபோல் இது ஏற்றவற்றத்தின் குற்றமன்று. நம் கீழ்க்கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின்னாகவே அமைவது. வெவ்வேறு திசைகளிலிருந்து, வெவ்வேறு காற்றுகள் கிளப்பிவிட்ட அலை வரிசைகள் கரையருகே சந்திக்கும்போது, முகட்டின்மேல் முகடு சேர்ந்து ஓரலை மற்றவை தொடாத இடம்வரை ஏறி வந்துவிடுகிறது. அரைமணி நேரமாக ஒன்றும் வரவில்லையே என்று காவலர் புத்தகத்தைத் திறக்கும் தருணத்தில்தான் அது வரும் என்பது மட்டும் பௌதிக சாஸ்திரத்துக்கு அப்பாற்பட்ட செய்தி.

அடுக்கும் முறையிலும் ஒரு சிற்பசாஸ்திரம் உண்டு. பெரியவர் செருப்பு அடியில். அதன் மேல் பெண்டிர் செருப்பு. குழந்தையின் செருப்பு உச்சியில் கலசம்போல். கடிகாரம் காலுறைக்குள்ளும், காலுறை பூட்ஸின் நுனிக்குள்ளும், மூக்குக்கண்ணாடியும் கைப்பேசிகளும் காவலர் மடியிலும் சேர்வன. இவ்வாறு அமைந்த விமானத்தைத் திருச்செந்தூரில் ஒரு நண்டு சோதித்தது. மணலின் நிறமே தன் நிறமாகக் கொண்ட அச்சிறு பிராணி, கண்ணிரண்டையும் குச்சிபோல் உயர்த்தி, ரப்பர் செருப்பொன்றின் குதிகால் பள்ளத்தில் தேங்கியிருந்த உப்புநீரை ஒரு காலால் தொட்டுப் பார்த்து, திருப்தியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, வார் வளைவுக்குள் புகுந்து மறுபுறம் வந்து, மேற்கோள் ஒன்றும் காட்டாமலே போய்விட்டது.

இனி இலக்கியச் சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் பாடிய பட்டினப்பாலையில், புகார் நகரத்து மாந்தர் கடலில் ஆடுகிறார்கள், பிறகு நன்னீரில் படிகிறார்கள், நண்டைத் துரத்துகிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள். செருப்பு எங்கே? ஒரு சொல்லும் இல்லை. ‘அக்காலத்தார் செருப்பணியாதவர்’ என்று பூர்வபட்சி எழுவார். அவர் அமரலாம். புறநானூற்று 257-ஆம் பாட்டில், செருப்புக்குள் புகுந்த பரற்கல் உவமையாகவே வருகிறது. செருப்பில்லாமல் அதற்குள் கல் எப்படிப் புகும்? அதுவுமன்றி, இதே உருத்திரங்கண்ணனார் தாம் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வணிகர் காலை மூடும் அரணத்தை எடுத்துரைக்கிறார். ஆகவே அவர் செருப்பை அறிவார், கடலாடலையும் அறிவார், இரண்டையும் ஒரே பாட்டில் சேர்க்கவில்லை. காரணம் வெளிப்படை. கடலாடுவோரைப் பாடியவர் கரையில் அமர்ந்து பார்த்தே பாடியிருக்கவேண்டும். கரையில் அமர்ந்தவர் கையில் செருப்புகள் ஒப்படைக்கப்படாமல் இருந்திரா. தம் துன்பத்தைத் தாமே பாடுதல் புலவர்க்கு இழுக்காதலின் அதை மறைத்தார். பட்டினப்பாலைக்குக் கரிகாலன் பதினாறு நூறாயிரம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி சொல்லுகிறது. அது பாட்டுக்கு மட்டும் கொடுத்த பரிசு என்று இதுவரை கொண்டதும் மறுபரிசீலனைக்குரியது. காவற்கூலியும் அதில் அடக்கம்.

வடமொழிச் சான்றோ இதனினும் வலிது. இலங்கைக்கு வழி வேண்டி இராமபிரான் கடற்கரையில் தருப்பையின்மேல் மூன்று நாள் கிடந்தபோது (இடம் திருப்புல்லாணி என்பர்) அவருடைய பாதுகைகள் எங்கே இருந்தன? நந்திகிராமத்தில், தம்பி பரதன் காவலில். செருப்புக்குரியவர் கடற்கரையில் இருக்க, செருப்பை நெருங்கிய உறவினர் ஒருவர் வேறு வேலையின்றிக் காப்பது என்னும் நியமம் இங்கே முழு உருவத்தோடு நிற்கிறது. செருப்புக்கும் காலுக்கும் இடையே ஏற்பட்ட தூரத்தில் இதனை விஞ்சிய உதாரணம் எந்தக் கரையிலும் இல்லை. காவற்காலமாகிய பதினான்கு ஆண்டையும், என் மைத்துனி நீங்கலாக, எவரும் நெருங்கியதில்லை.

இந்நிலையில்தான், திருச்செந்தூர்க் களத்தில், ஆராய்ச்சியின் திசையையே மாற்றிய அரிய பிரதி கிடைத்தது. ‘சுண்டற் பொட்டலச் சுவடி’ என்று இவ்வாய்வில் வழங்கப்பெறும் அத்தாள் கூம்புருவினது. எண்ணெய்க் கறையால் நடுப்பகுதி சிதைந்தது. உட்புறத்தில் பட்டாணித் தோல் ஒன்று ஒட்டியது. எஞ்சிய வரி, ‘கடற்கரையில் ........ இருப்பது ........ ஆகும்’ என்று வாசிக்கப்படுகிறது. புள்ளியிட்ட இடங்கள் செல்லரித்தவை என்றும், முதலிடத்தில் ‘செருப்போடு’ எனவும் இரண்டாமிடத்தில் ‘அறம்’ எனவும் மூலபாடம் இருந்திருக்கும் என்றும் கொள்வதே பொருத்தம் (சுண்டற் பொட்டலச் சுவடி, வெளிப்புறம், கறைக்கு மேல்). இது ஏழாம் வகுப்புப் பரீட்சைத் தாள் என்றும், புள்ளிகள் மாணாக்கன் நிரப்புவதற்காக விடப்பட்டவை என்றும் என் மகன் ஓர் ஆட்சேபம் கிளப்பினான். நிரப்புவதற்கென்று விடப்பட்ட இடத்தை நிரப்பியது குற்றமாயின், நம் பதிப்பாசிரியர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்டு அவ்வாட்சேபம் விலக்கப்பட்டது (மேற்படி சுவடி, உட்புறம், பட்டாணித் தோலுக்கு இடப்பக்கம், இரண்டாம் வரி, ஒப்புநோக்குக: முறுக்கு மடித்த தாள், கிழிந்த மூலை, தலைகீழாகப் பிடித்தால் நான்காம் வரி, இத்தாளின் மறுபாதி பக்கத்துக் குடும்பத்தாரிடம் உள்ளது, காட்ட மறுக்கிறார்கள்).

சுவடியின் வெளிச்சத்தில் தொல்காப்பியமும் புதுப்பொருள் தருகிறது. நெய்தற்கு எற்பாடு சிறுபொழுது என்றும், இரங்கல் உரிப்பொருள் என்றும் பயின்று வருகிறோம். பிரிந்துபோன தலைவனை நினைந்து தலைவி கரையில் இரங்குகிறாள் என்று உரைகாரர்கள் எழுதிப்போந்தது, அவர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகாத குறையால் நேர்ந்தது. சாயுங்காலம் ஆயிற்று, வெளிச்சம் மங்குகிறது, ‘இன்னும் ஒரே ஒரு அலை’ என்று போனவர்கள் வரவில்லை, சுண்டல்காரனைக் கூப்பிட்டால் சில்லறை எவர் பையில் இருக்கிறதென்று தெரியவில்லை, கால் மரத்துப் போயிற்று: இந்த நிலையில் ஒருவர் இரங்காமல் வேறென்ன செய்வார்? நெய்தற் பாட்டுகளில் நீரில் இறங்கியவர் ஒருவரும் அழுததில்லை. கரையில் இருப்பவரே அழுகிறார் என்பதை நோக்குக.

சர்க்காருடைய உபேட்சையும் குறிக்கத்தக்கது. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் உண்டு, மாடம் உண்டு, காப்பதற்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. கடல் வாசலில் அத்தான் உண்டு.

திருச்செந்தூரில் கடலாடியவர்கள் நாழிக்கிணற்றிலும் நீராடித் திரும்பிய பின், விடுதிக் கூடத்தில், இட்லி வருவதற்கு முன்னிருந்த அவகாசத்தில் இவ்வாய்வேடு குடும்பத்தார் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. மைத்துனி ஈரத்துணிகளைப் பற்றிய இயல் விடுபட்டிருப்பதைச் சுட்டினாள். இரண்டாம் பாகத்தில் சேர்ப்பதாக வாக்களிக்கப்பட்டது. தலைமைப் பரீட்சகராக வீற்றிருந்த மாமியார் இறுதிவரை கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டு, ஒரே ஒரு வினா விடுத்தார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. என் இடக்கால் செருப்பு எங்கே?"

இடக்கால் செருப்பென்பது பிற்காலத்து இடைச்செருகல் என்றும், மூலப்பிரதியில் வலக்கால் செருப்பு ஒன்றே இருந்ததென்றும், இரண்டென்று கணக்கிட்டோர் ஏடெழுதினோர் பிழையால் மயங்கினார் என்றும் நிறுவும் கட்டுரை இப்போது தயாராகி வருகிறது.