கோபுரத்துக்கு முளைத்த குடுமி

குடுமியான்மலை அர்ச்சகர் கதை தெரியுமா? சாமிக்குச் சாத்தவேண்டிய மாலையைக் காதலியின் கொண்டையில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா சர்ப்ரைஸ் விசிட்! பதறிப்போய் அதே மாலையை வாங்கிப் பிரசாதமாக நீட்ட, அதில் ஒரு நீள முடி. “நம்ம சாமிக்குக் குடுமி உண்டே, மகாராஜா” என்றார். ராஜா எட்டிப் பார்த்தால், லிங்கத்தின் தலையில் நிஜமாகவே குடுமி! ஊழியர் அடித்த புளுகுக்காக ஹேர்ஸ்டைலையே மாற்றிக்கொண்ட முதலாளியை வேறெங்கே பார்ப்பீர்கள்?

அங்கேயே பாறையில் இன்னொரு கூத்து. ஒரு ராஜா ஏழு ராகங்களின் ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டவைத்தார். வாத்தியார் ருத்ராசாரியாரின் பெயரை மறக்காமல் போட்டார். தன் பெயரை? ஊஹூம்! மகேந்திரவர்மன்தான் என்கிறது ஒரு கோஷ்டி, இல்லவே இல்லை என்கிறது இன்னொன்று. பாட்டு பத்திரமாக இருக்கிறது. பாடினவரைத்தான் காணோம்.

கொடும்பாளூர் சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி உஷார் பேர்வழி. தன் பெயரில் ஒரு விமானம், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் ஆளுக்கொன்று. வீட்டில் சமாதானம் வேண்டாமா? அதையும் கல்வெட்டில் ஏற்றினார். இன்று அந்த மூவர் கோயிலில் நிற்பவை இரண்டே. மூன்றாவது வெறும் அடித்தளம். கல்வெட்டில் மட்டும் மூவரும் சௌக்கியம்.

ராஜேந்திர சோழர் கதை இதைவிடப் பரிதாபம். கங்கைவரை படை அனுப்பித் தண்ணீர் கொண்டுவந்த மனிதர். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் தேவைப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர் கட்டிய கோயிலின் மதில் கைக்கு வாகாக இருந்தது, ஆங்கிலேயர்கள் பெயர்த்துப் போனார்கள். பதிலுக்குச் செங்கல் சுவர் எழுப்பித் தருவதாக வாக்கு வேறு. வாக்கு காற்றில் போனது, மதில் தண்ணீருக்குள் போனது.

நாம் ரொம்ப முன்னேறிவிட்டோம். இடிப்பதில்லை, ‘திருப்பணி’ செய்கிறோம்! சிற்பத்தின்மேல் மணலைப் பீய்ச்சி அடித்துப் பளபளப்பாக்கினோம், கூடவே மூக்கும் முழியும் தேய்ந்தன. தொல்சின்னங்களைக் காப்பாற்ற 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் 75 உத்தரவுகள் போடவேண்டி வந்தது. வாலுப்பிள்ளை வீட்டுச் சுவரில்கூட அத்தனை ‘செய்யாதே’ ஒட்டமாட்டார்கள்.

அடுத்தமுறை பாழடைந்த கோபுரம் எதையாவது கண்டால் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் பசேலென்று ஓர் அரசங்கன்று நிற்கும். அர்ச்சகர் சத்தியமாகச் சொல்லலாம், குடுமிதான்! பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். அன்று ராஜா எட்டிப் பார்த்ததால் முளைத்தது. இது, யாரும் எட்டிப் பார்க்காததால் முளைத்தது.