ஸ்பிரிங் திசை கேட்டுப் பாயாது

குடும்பக் காரின் முன்பக்க ஸ்ட்ரட்டை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா? கழற்றலாம், திரும்ப மாட்டவும் செய்யலாம். நடுவில் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அரை வீரம்தான், ஆனால் இந்த வேலைக்கு அதுவே தாராளம். காரணம், ஏர்ல் மெக்ஃபெர்சன். 1940களில் இந்த அமெரிக்கப் பொறியாளர் இடத்தையும் செலவையும் குறைக்க, ஷாக் அப்சார்பரையும் சுருள் ஸ்பிரிங்கையும் ஒரே தூணில் கோத்தார்; அதுதான் ஸ்ட்ரட். 1983இல் வந்த மாருதி 800 தொடங்கி இன்றைய பெரும்பாலான சிறிய கார்கள் வரை முன்னால் நிற்பது அந்தத் தூண்தான். அவர் மிச்சம் பிடித்ததன் பலன், எண்ணெய் கசிந்து காலமான ஷாக் அப்சார்பரை எடுக்க, திடகாத்திரமாக இருக்கும் ஸ்பிரிங்கைச் சீண்ட வேண்டியிருக்கிறது.

மற்ற வேலைகள் சாதுவானவை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸை விடுவித்தால், கீழே இரண்டு தடித்த போல்ட், மேலே பானட்டுக்குள் சில நட்டுகள், அவ்வளவுதான். துரு பிடித்திருந்தால் கொஞ்சம் எண்ணெயும் நீளக் கைப்பிடியும் நாலு வசவும் போதும். அந்த நட்டுகளுக்கு நடுவே ஒரு பெரிய நட்டு, தன்னைத்தான் முதலில் திருப்ப வேண்டும் என்ற தோரணையில் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். 900 கிலோ காரில், எஞ்சினும் முன்னால் இருப்பதால், ஒரு முன்சக்கரத்தின் பங்கு ஏறக்குறைய கால் டன். அதைத் தாங்கும் ஸ்பிரிங், தூணோடு வெளியே வந்த பிறகும் அழுத்தத்தில்தான் இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்காமல் நட்டைத் திருப்பினால் பாயும். எந்தப் பக்கம் பாயலாம் என்று நம்மிடம் கேட்காது.

அமுக்கும் கருவி கடையில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, இரண்டு மரைக் கம்பிகளையும் சமமாக முறுக்காவிட்டால் கொக்கி நழுவும். வீடியோவில் பத்தே நிமிடத்தில் முடிக்கிறார்களே என்பார்கள். விரலைப் பறிகொடுத்தவர்கள் வீடியோ போடுவதில்லை. அப்படியானால் காரையே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாமே என்பதுதான் நியாயமான கேள்வி. கூலியில் பெரும்பங்கு போல்ட் கழற்றுவதற்குத்தான் போகிறது. அதை நாமே செய்தால் காசு மிச்சம், எது கசிகிறது, எந்த புஷ் கிழிந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். தவிர, கீழ் போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும் என்பதால் அலைன்மென்ட்டுக்குக் கடைக்குப் போயே ஆக வேண்டும். எப்படியும் கடைப்படி ஏறுகிறவர் ஸ்பிரிங்குக்காக இன்னொரு தடவை ஏறுவதில் மானம் ஒன்றும் போய்விடாது.

ஆயுளில் ஒருமுறைதானே, துணிந்துவிடலாம் என்று சொல்பவர்கள் நம் தெருக்களை மறந்துவிடுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் தந்த வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருவில் அதைக் கட்டுகிறவர் கண்ணளவில் கட்டுகிறார். ஆகவே புது ஸ்ட்ரட்டும் ஒருநாள் கசியத்தான் போகிறது. அன்றைக்கும் ஸ்பேனர் பிடிக்கப் பத்து விரலும் வேண்டும்.