சுவருக்குள் ஓர் உதவிக்கரம்

அண்டை நாடு ஏழையாக இருந்தால் ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கம் வராது. 2004இல் கிழக்குத் தீமோரின் தலைநகர் டிலியில் அரசாங்கக் கட்டடத்தைச் சீரமைத்துத் தர ஆள் அனுப்பியது. இலவச உதவி! சுவருக்குச் சுண்ணாம்பு, சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி. அந்த வேலையில் இருந்த உளவு அதிகாரியே பிற்பாடு இதைச் சொன்னார். தீமோர் கடலின் எண்ணெயையும் எரிவாயுவையும் பங்கிடும் பேச்சு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எதிராளியின் அமைச்சரவை என்ன பேசுகிறது என்று காதில் விழுந்தால் பேரம் எத்தனை சுலபம்!

இந்தக் கருணை புதிதல்ல. 1975இல் இந்தோனேசியா தீமோரை விழுங்கியது. 1989இல் அந்தக் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் உட்கார்ந்து, ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் எண்ணெயைப் பங்குபோட்டுக் கையெழுத்திட்டார்கள், ஷாம்பெயினும் உடைத்தார்கள். கீழே மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1999இல் பன்னாட்டுப் படைக்குத் தலைமை ஏற்று ஆஸ்திரேலியா காப்பாற்ற வந்தது உண்மை. அந்த நன்றியைத் தீமோர் மறக்கவில்லை. மறக்க விட்டால்தானே!

2002 மே 20 தீமோரின் சுதந்திர நாள். அதற்கு இரண்டே மாதம் முன்பு, கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு கான்பெரா ஒதுங்கிக்கொண்டது. தென் சீனக் கடலில் சட்டத்தை மதி என்று சீனாவுக்கு ஓயாமல் உபதேசம் செய்வதும் இதே கான்பெராதான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

2006 ஒப்பந்தப்படி தீமோர் கடலின் கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலின் வருமானம் பாதிப் பாதி. எல்லை பற்றி 50 ஆண்டுக்கு வாயே திறக்கக் கூடாது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டவுனர், பதவி போனதும் அந்த வயலில் பங்குள்ள வுட்சைட் நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போனார். தேசத் தொண்டு ஓய்வதில்லை.

கருவி வைக்கச் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. உண்மையைச் சொன்ன அதிகாரிக்கு 2021இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. அவருடைய வழக்கறிஞர் பெர்னார்ட் கொலேரியின் அலுவலகத்தில் 2013இல் சோதனை. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீமோர் தொடுத்த வழக்கின் காகிதங்களை அள்ளிப் போனார்கள். 2018இல் அவர்மேலும் வழக்கு. 2022இல் ஆட்சி மாறிய பிறகுதான் அது கைவிடப்பட்டது. ஒட்டுக்கேட்டோம் என்று கான்பெரா ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நடக்காத குற்றத்தை வெளியே சொன்னதற்கா தண்டனை?

சுமார் 13 லட்சம் பேர் வாழும் தீமோர் கெஞ்சவில்லை, வேறு வல்லரசின் மடியில் போய் உட்காரவும் இல்லை. ஐ.நா. கடல் சட்டத்தில் அதுவரை யாரும் தொடாத கட்டாயச் சமரசப் பிரிவை 2016இல் கையில் எடுத்தது. நீதிமன்றத்திலிருந்து நழுவியவர்களால் அதிலிருந்து நழுவ முடியவில்லை. 2018 மார்ச் 6இல் புதிய ஒப்பந்தம். பெரும்பாலும் நடுக்கோடே எல்லை. சன்ரைஸில் தீமோருக்குக் குறைந்தது 70 விழுக்காடு.

ஆஸ்திரேலியா அதுவரை எடுத்துக்கொண்ட பணம்? அதற்கு இழப்பீடு கேட்கக் கூடாது என்று அதே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது.