அசல் மடியில, பலகை வாடகையில

வாடா பேராண்டி, உக்காரு. காஷ்மீர்ல குல்மார்க்குக்குப் போறியாம், சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுத்துக் காலுல மாட்டிக்கிட்டுப் பனிமலையில எறங்கப் போறியாம். ஒங்கம்மா நேத்தே வந்து அழுவாத கொறையாச் சொல்லிட்டுப் போனா. நான் ஒண்ணும் வேணாம்னு தடுக்க மாட்டேன். 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயலுக்குத் தென்பெண்ணை பொங்கி ஊரே மேட்டுக்கு ஓடுனப்ப, கரையில நின்னு செல்பி எடுத்த வீரன் நீ. ஒனக்குப் புத்தி சொல்ல நான் யாரு? சும்மா காதுல போட்டுக்கோ, அவ்வளவுதான்.

பட்டாளத்துல எனக்கு என்னா வேலைன்னு ஒனக்குத் தெரியும். துப்பாக்கி தூக்குனதவிட ஸ்டோர்ல சாமான் எண்ணுனதுதான் அதிகம். குல்மார்க்குல பட்டாளத்துக்குன்னு ஒரு பனிமலைப் பள்ளிக்கூடம் 1948லேர்ந்து இருக்குது. அங்க வர்ற பயலுவளுக்குப் பலகையும், காலுக்குப் போடற பூட்டும் எடுத்துக் குடுத்து, திரும்பி வந்தா எண்ணி வாங்கி வெக்கிறது என் பொழப்பு. கவுண்டருக்கு அந்தாண்ட பக்கம் நின்னவன்டா நான். குடுக்கிறவன் மனசு எனக்குத் தெரியும். எது அலமாரியில தேங்கிக் கெடக்குதோ அதத்தான் மொதல்ல நீட்டுவான். "சார், இது ஒங்களுக்குன்னே வந்தது"ன்னு வேற சொல்லுவான். எவன் பனிக் கண்ணாடிய நெத்தியில மாட்டிக்கிட்டு வர்றானோ அவன் தலையில கட்டுறது ரொம்ப சுளுவு. நீ இப்பவே வீட்டுக்குள்ள அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் திரியறதா ஒங்கம்மா சொன்னா.

போன்ல ஒரு பலகையைக் காட்டுனியே, மேல நெருப்பு எரியறாப்புலப் படம் போட்டது? அத எதுக்குப் புடிச்சதுன்னு கேட்டேன். "லுக்கா இருக்குது தாத்தா"ன்ன. படத்துக்குக் கீழ மூணு எண்ணு இருந்துச்சே, அதப் பாத்தியா? எந்தப் பலகையிலயும் போட்டிருப்பான். முன்மூக்கு அகலம், நடு அகலம், வாலு அகலம், எல்லாம் மில்லிமீட்டர்ல. இதுல நடு எண்ணுதான்டா ஒன்னோட தலையெழுத்து. ஒன் பலகையில அது 115.

நம்ம ஊருல நடவுக்கு முன்னாடி சேத்தொழவு ஓட்டறப்ப டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுறானுவ, எதுக்கு? சேத்துல அமுங்காம இருக்க. அதே வீலோட அரசூர் ரோட்டுல தார்மேல ஏறிப் பாரு, வண்டி ஒதற்ற ஒதறல்ல பல்லு ஆடிப்போவும். 115 பலகை அந்தக் கேஜ் வீலு. முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி பொலபொலன்னு கெடந்தா அது மெதக்கும், ராஜா. கெட்டிப்பட்டுப் போன பனியில அதச் சாய்ச்சி விளிம்புல நிறுத்தறதுக்குள்ள ஒன் முட்டி ஒன்னத் திட்டும். 70, 75ன்னு ஒடுக்கமா இருக்கறது கெட்டித் தரைக்கு. சட்டுனு திரும்பும், கத்தியாட்டம் புடிக்கும். ஆழத்துல வுட்டா மூக்கு உள்ள போயிடும். இப்ப நீ சொல்லு, ஒன் காலுக்குக் கீழ எந்தப் பனி இருக்கும்?

தெரியாதுல்ல? அங்க இருக்கறவனுக்கே தெரியாது. குல்மார்க்கு கிண்ணமாட்டம் குழிஞ்ச எடம், 2,650 மீட்டர் ஒசரம். கேபிள் கார்ல மொதல் கட்டம் ஏறுனா கொங்தூரி, 3,000 மீட்டரத் தாண்டிடும். அது 1998ல வந்தது. ரெண்டாங்கட்டம் அபர்வத் மலைக்கு, 3,900 சொச்சம், அது 2005ல. கீழ கிண்ணத்துல ஸ்லெட்ஜ் வண்டிக்காரனும் டூரிஸ்ட்டும் மிதிச்சி மிதிச்சிப் பனி பலகைக்கல்லாக் கெடக்கும். நடுவுல மரத்து நெழல்ல நேத்துப் பேஞ்சது மெத்துன்னு இருக்கும். உச்சியில காத்து அடிச்சி ஒரு பக்கம் ஓடு கட்டியிருக்கும், இன்னொரு பக்கம் இடுப்பளவு குமிஞ்சிருக்கும். ஒரே நாளு, ஒரே மலைடா. ஐரோப்பாவுல ராத்திரி மெஷின் வுட்டுப் பனியச் சீவிச் சமமாக்குவான். குல்மார்க்குல அந்தச் சமாச்சாரம் கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் சாமி விட்ட வழி.

மாசத்தையும் நம்ப முடியாது. டிசம்பர் 21லேர்ந்து நாப்பது நாளைக்கு சில்லை கலான்னு காஷ்மீர்க்காரன் சொல்லுவான், குளிருக்குப் பெரியண்ணன். அந்த நாப்பது நாளுக்குள்ளயே, 2024 ஜனவரியில, குல்மார்க்கு மைதானம் பொட்டப் புல்லாக் காஞ்சி கெடந்துச்சி, படமெல்லாம் பேப்பர்ல வந்துது. அப்புறம் பிப்ரவரியில கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சி. மறுவருசம் 2025 பிப்ரவரியில கேலோ இந்தியா பனி வெளையாட்டையே பனி இல்லன்னு தள்ளி வெச்சி மார்ச்சுல நடத்துனானுவ. மத்திய தரைக்கடல் பக்கத்துலேர்ந்து மேகம் கெளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான்லாம் தாண்டி வந்து அங்க பேயணும். நம்ம பக்கம் ஐப்பசி மழைய நம்பிக் கடன் வாங்குனவனுக்கு இது புரியும். ஒனக்கு ஆப்புல மழை படம் வந்தாத்தான் புரியும்.

அதனால, ஒரே பலகை எடுத்து எல்லாத்துலயும் ஓட்டணும்னா நடு அகலம் 80லேர்ந்து 90க்குள்ள வெச்சிக்கோ. எதுலயும் மொத மார்க்கு வாங்காது, எதுலயும் பெயிலும் ஆவாது. மூக்கு லேசா மேல வளைஞ்சி ஆரம்பத்துலயே தூக்கி நிக்கிறதா பாரு, அதுக்கு ராக்கர்னு பேரு. புதுப்பனியில உள்ள குத்தாம மேல ஏறிக்கும். நடுவுல லேசா வில்லு வளைஞ்சி நிக்கணும், நீ ஏறி நின்னா தட்டையாவும். அதுதான் கெட்டிப்பனியில புடிப்பு. ரெண்டும் சேந்த பலகை இப்ப எல்லா கடையிலயும் உண்டு. நீளம், ஒன் மோவாயிக்கும் மூக்குக்கும் நடுவுல நின்னா போதும். ஒசரமா எடுத்தா வேகம் வரும்னு பக்கத்துல எவனாவது ஏத்தி வுடுவான். வேகம் தானா வரும்டா, நிக்கிறதுதான் வராது.

ஒன் பொண்டாட்டி கெட்டிக்காரி. "எனக்குக் கத்துக்குடுக்கிறவர் சொல்றத எடுத்துக்குவேன் தாத்தா"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டா. கத்துக்குட்டிக்கு 75 அகலமும் குட்டையும் போதும். மொத ரெண்டு நாளு நீயும் கத்துக்குட்டிதான்னு யாரும் ஒனக்குச் சொல்லல போலருக்கு.

இப்ப கடைக்குள்ள போ. பலகையத் திருப்பிப் போடச் சொல்லு, மேல படம் வரைஞ்ச பக்கத்த மறந்துடு. அடிப்பக்கம் கல்லு கிழிச்ச பள்ளம் இருக்கான்னு பாரு. பனி கொறைஞ்ச வருசத்துல எல்லாப் பலகையும் பாறைய மோந்துட்டுத்தான் வந்திருக்கும். அடி வெளுத்து வறண்டு இருந்தா மெழுகு போட்டுப் பல நாளாச்சுன்னு அர்த்தம். மத்தியானம் வெயிலேறிப் பனி சொதசொதன்னு ஆவறப்ப அந்தப் பலகை ஒட்டிக்கிட்டு நிக்கும், நீ மட்டும் முன்னாடி போவ. இஸ்திரிப் பெட்டி வெச்சி மெழுகு தேய்க்க அஞ்சு பத்து நிமிசம் ஆவும். தேய்ச்சிக் குடுன்னு சிரிச்சிக்கிட்டே கேளு. விளிம்புல இரும்புப் பட்டை ஓடும். நகத்த அதுமேல லேசா இழு, நகத்துலேர்ந்து பொடி உதுந்தா சரி. துரு வந்து மொழுக்குன்னு இருந்தா, காலையில ராத்திரிக் குளிர்ல ஒறைஞ்ச ஓட்டு மேல அது ஒன்ன எங்க கொண்டு போயி விடுமோ. ரெண்டு பலகையும் ஒரே ஜோடியா, கடைக்காரன் ஒட்டுன நம்பரு ஒண்ணான்னும் பாத்துடு. சிரிக்காத. ஒரு பயலுக்கு அண்ணன் பலகையும் தம்பிப் பலகையுமாக் குடுத்தனுப்புன ஸ்டோர்காரன எனக்கு நல்லாத் தெரியும்.

பலகையிலயே நின்னுட்டேன், மொதல்ல பூட்டுதான்டா. பலகை சரியில்லன்னா விழுவ. பூட்டு சரியில்லன்னா அழுவ. நம்ம திருவெண்ணெய்நல்லூர் ஈசன் கோயில்ல சாமியோட பாதுகையே இருக்குதுன்னு காட்டுவாங்களே, புத்தூர்ல சுந்தரர் கல்யாணத்தத் தடுக்கக் கெழவனா வேசம் போட்டு வந்தப்பகூட செருப்பு அளவு சரியா இருந்திருக்கணும், இல்லன்னா அங்கேர்ந்து இம்மாந்தூரம் நடந்து வந்திருக்க முடியுமா? நீ மட்டும் "எட்டாம் நம்பர் குடுங்க"ன்னு கேக்காத. சறுக்குப் பூட்டுக்கு நம்பரு செண்டிமீட்டர்ல, ஒன் பாதத்தோட நீளந்தான் அது. வீட்டுல செவுத்துல குதிகால ஒட்டி வெச்சி டேப்பால அளந்துட்டுப் போ. 27 வந்தா 27. கடைக்காரன் 28 நீட்டுவான், "கம்பார்ட்டபிள்"ம்பான். கடையில சொகமா இருக்கற பூட்டு மலையில ஆடும். கால் ஒரு பக்கம் திரும்பும், பலகை யோசிச்சிட்டுத்தான் திரும்பும். நிமிந்து நின்னா கட்டவிரல் முன்னாடி லேசாத் தட்டணும், முட்டிய மடக்குனா பின்னால நழுவி விடணும். உள்மெத்தைய உருவிட்டுக் கால விட்டுப் பாரு. விரல முன்னாடி தொட வெச்சா குதிகாலுக்குப் பின்னால ஒரு விரல், மிஞ்சிப் போனா ரெண்டு விரல் எடம் இருக்கணும். சாக்ஸு மெல்லிசா ஒண்ணே ஒண்ணு. குளிருதுன்னு ரெண்டு போட்டா ரத்தம் ஓடாது, குளிரு கூடத்தான் செய்யும். இன்னொண்ணு, செருப்பு மாட்டியே வளந்த காலுடா நம்மளுது, விரல் விரிஞ்சி கெடக்கும். வெளிநாட்டுப் பூட்டுல பாதி குறுகலு. அகல அச்சு, 100 மில்லிமீட்டருக்கு மேல இருக்கறது கேளு. அரை மணி நேரம் மாட்டிக்கிட்டுக் கடையிலயே நட. கடைக்காரன் மொறைப்பான், மொறைக்கட்டும்.

பூட்டையும் பலகையையும் புடிச்சி வெக்கிற இரும்புக் கொக்கி இருக்குதே, பைண்டிங்கு, அதுல ஒரு திருகு, பக்கத்துல சின்ன சன்னல்ல ஒரு எண்ணு தெரியும். நீ விழறப்ப எவ்வளவு முறுக்குக்குக் கால வுடணும்ங்கற கணக்கு அது. எடை, ஒசரம், வயசு, பூட்டு அடி நீளம், எந்த மட்டத்துக்கு ஓட்டுவ, இதெல்லாம் கேட்டு வெப்பான். இங்கதான்டா நம்ம ஆளுவ மாட்டுறது. எடையக் கொறைச்சிச் சொல்லுவான், தெறமையக் கூட்டிச் சொல்லுவான். கல்யாணத் தரகர்கிட்ட சொல்றதயெல்லாம் இங்கயும் சொன்னா எண்ணு தப்பாயிடும். அதிகமாயிட்டா விழறப்ப பலகை கால வுடாது, முட்டி ஜவ்வு போயிடும். கொறைஞ்சிட்டா நல்லா ஓட்டறப்பவே கழண்டு ஓடிடும். 82 கிலோன்னு நெசத்தச் சொல்லு. ஒன் பொண்டாட்டி பக்கத்துல இல்லாதப்ப வேணா சொல்லு.

அப்புறம் காயிதம். வாடகைக் கடைக்காரன் "ஆதார் வெச்சிட்டுப் போங்க"ம்பான். நீ பொறந்த ஊரு எதுடா? சுந்தரர் கல்யாணத்தப்போ ஒரு கெழவன் ஓலையோட வந்தானே, "இவன் என் அடிமை, ஒங்க தாத்தா எழுதிக் குடுத்தது"ன்னு? சுந்தரர் ஆத்திரத்துல ஓலையப் புடுங்கிக் கிழிச்சிட்டார். கெழவன் பதறுனானா? நீ கிழிச்சது நகல், அசல் எங்கிட்ட பத்திரமா இருக்குதுன்னுட்டு, திருவெண்ணெய்நல்லூர் சபையில கொண்டாந்து காட்டி ஜெயிச்சான். அசலை மடியில வெச்சிக்கிட்டு நகலைத்தான் நீட்டணும்னு சாமியே செஞ்சி காமிச்ச ஊருடா இது. ஜெராக்ஸ் குடு, முன்பணம் குடு, அசல் கார்ட குடுக்காத. பலகையில இருக்கற கீறல் அத்தனையும் கடை வாசல்லயே வீடியோ எடு, கடைக்காரன் மூஞ்சியும் அதுல தெரியணும். ஒடைஞ்சா என்னா, தொலைஞ்சா என்னான்னு எழுதி வாங்கு. எழுத மாட்டேன்னா பக்கத்துக் கடை.

இன்னும் ஒண்ணு கேளு அவன்கிட்ட: "பனி மாறுனா பலகைய மாத்திக்கலாமா?" இதுக்கு ஆமான்னு சொல்றவன்கிட்டதான் எடுக்கணும். வாடகைக்கு எடுக்கறதுல இருக்கற ஒரே லாபம் அதுதானே? ராத்திரி அரையடி புதுசா வுழுந்துச்சின்னா காலையில அகலமா 100 கிட்ட வாங்கிக்கோ. நாலு நாளு வெயிலடிச்சிக் கெட்டிச்சின்னா ஒடுக்கமா மாத்திக்கோ. சொந்தமா வாங்கிட்டுப் போனவன் அதயே கட்டிக்கிட்டு அழணும், நீ தெனம் ஒண்ணு மாத்தலாம். ஆனா இத மனசுல வெச்சிக்கிட்டு நாலு நாளும் கடையிலயே நின்னுடாத.

மார்ச்சு கிட்டப் போனின்னா நேரத்தப் பாத்துக்கோ. காலையில பனி ஓடாக் கெட்டிச்சிருக்கும், பத்து பதினோரு மணிக்கு மேல அதோட மேல்தோலு எளகி மணிமணியா வரும், அதுதான் ஓட்டறதுக்கு நல்ல நேரம். மத்தியானத்துக்கு மேல சொதசொத, அப்ப போயி டீயக் குடி. கஹ்வான்னு குங்குமப்பூ, ஏலக்காய், பாதாம்லாம் போட்டுத் தருவான், பாலு இருக்காது, மொகத்த சுளிக்காத.

ரெண்டாங்கட்டத்துக்கு ஏறித்தான் தீருவேன்னு நீ நிப்ப, எனக்குத் தெரியும். ஏறு. எல்லைக் கயித்துக்கு அந்தாண்ட மட்டும் கால வெக்காத. 2023 பிப்ரவரியில அதே அபர்வத்துல பனிச்சரிவு ரெண்டு போலந்துக்காரங்களக் கொண்டு போச்சு, 2024 பிப்ரவரியில ஒரு ரஷ்யாக்காரர. அவங்கல்லாம் சறுக்கத் தெரிஞ்சவங்க, நீ சறுக்கப் போறவன். அங்க காலையில எச்சரிக்கை பலகை வெப்பானுவ, அதப் படி. அந்தப் பக்கம் போற ஆளுங்க சிக்னல் கருவி, மண்வெட்டி, துழாவுற கம்பியெல்லாம் முதுகுல வெச்சிக்கிட்டு, வழி தெரிஞ்சவனோட போவாங்க. ஒன் முதுகுல செல்பி குச்சிதான் இருக்கும்.

மேல போயி நின்னு சுத்திப் பாரு. மேகம் வெலகுனா நங்கபர்வதம் தெரியும். படம் புடி. அப்புறம் பலகையத் தோள்ல சாத்திக்கிட்டு, ஏறி வந்த அதே பெட்டியில ஒக்காந்து கீழ எறங்கி வா. அதப் பாத்து அங்க யாரும் சிரிக்க மாட்டான். அப்படியே எவனாவது சிரிச்சி, எந்த ஊரு தம்பி நீயின்னு கேட்டான்னா, பண்ருட்டின்னு சொல்லிடு.