அம்மா வைத்த அண்டா

கார்த்திகை பிறந்தால் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு இரண்டு கவலை. ஒன்று புயல். இன்னொன்று, டி.வி.யைப் பார்த்துவிட்டு "உயிரோடதான் இருக்கீங்களா?" என்று போன் போடும் வெளியூர்ச் சொந்தங்கள். புயலாவது சில வருடம் வராமல் இருக்கும்.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது தேவனாம்பட்டினம் கடற்கரையில் மழைக்கோட்டு மாட்டிய நிருபர் ஒருவர், "நிக்கவே முடியல" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. புயலை லேசாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் இல்லை நாங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த கோலத்தைப் பார்த்தவர்கள். பயப்படுவதற்கு எங்களுக்கு யாரும் ட்யூஷன் எடுக்க வேண்டாம்.

நிவர் மரக்காணம் பக்கம் ஒதுங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, புரெவி கிளம்பிவிட்டது. இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, டிசம்பர் 3 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இளைத்தது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் புயல் என்ற பட்டம் போய்விடும். மழைக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை. வானிலை மையம் கனமழை எச்சரிக்கையை விலக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னணி இசை போட முடியாதே! 'வலுவிழந்தது புரெவி' என்று ஒரு வரி ஓட்டிவிட்டு சேனல் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

நானும் அதை நம்பி, மாடித் தண்ணீர்க் குழாயை அடைத்திருந்த வேப்பஞ்சருகை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அம்மா மட்டும் முற்றத்தில் அண்டாவை வைத்துவிட்டு வந்தாள்.

"எதுக்கும்மா?"

"மானம் கறுத்துக் கெடக்குடா. டி.வி.க்காரன் போயிட்டா மழையும் போயிடுமா?"

புரெவி ராமநாதபுரம் பக்கம் நகராமல் உட்கார்ந்துகொண்டு கடலின் ஈரத்தையெல்லாம் இழுத்து எங்கள் தலையில் கொட்டியது. மறுநாள் காலைக் கணக்குப்படி கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. எங்கள் மாடியில் தேங்கியது படிக்கட்டு வழியாக அருவி மாதிரி கூடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அண்டா வழிந்து, மிதந்து, கிணற்றடியில் போய் ஒதுங்கியிருந்தது.

மத்தியானம் அதே சேனல், அதே மழைக்கோட்டு. தெருவிலேயே ஆழமான பள்ளமாகப் பார்த்து நின்றுகொண்டு, "பாட்டி, இப்படி ஒரு மழையை எதிர்பார்த்தீங்களா?" என்று மைக்கை நீட்டினார்.

"எதிர்பார்த்துத்தான் தம்பி அண்டா வச்சேன்."

அது அவருக்குப் போதவில்லை. "கொஞ்சம் கலங்குன மாதிரி சொல்லுங்க பாட்டி."

"கலங்கறது இருக்கட்டும். முதல்ல அந்த வாளிய எடுத்துக் கூடத்துத் தண்ணிய இறைச்சுக் குடு."

மைக்கை கேமராக்காரர் கையில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டார். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே இறைத்தார்.